பிக் மின்: ரெண்டு கொலையும் ஒரு சரணடைதலும்

வியட்நாம் போர்னு சொன்னா நமக்கெல்லாம் உடனே ஞாபகம் வர்றது ஹோ சி மின், அடுத்து அவரோட தளபதி ஜெனரல் கியாப். ஜெயிச்சவங்க பேரு நிக்குது. தோத்த பக்கத்துல இருந்தவங்களை யாரும் பெருசா தேடிப் படிக்கிறதில்ல. தெற்கு வியட்நாம்னு ஒரு நாடு 20 வருஷம் இருந்துச்சு, அதுக்குன்னு ராணுவம், கொடி, அரண்மனை எல்லாம் இருந்துச்சு, அந்த நாட்டோட கடைசி ஜனாதிபதி பேரு டுவோங் வான் மின். 1975 ஏப்ரல் 28 சாயங்காலம் பதவி ஏத்துக்கிட்டாரு, 30-ம் தேதி மத்தியானம் அந்த நாடே இல்ல.

நான் இவரைப் பத்தி கைல கிடைச்சதையெல்லாம் ரொம்ப நாளா படிச்சிட்டு வரேன். படிக்கப் படிக்க ஒண்ணு புரிஞ்சுது. இவரைத் திட்டுறவங்க ஒரு நாளை மட்டும் எடுத்துக்கிறாங்க, பாராட்டுறவங்க இன்னொரு நாளை மட்டும் எடுத்துக்கிறாங்க. 1963 நவம்பர் 2 ஒண்ணு, 1975 ஏப்ரல் 30 இன்னொண்ணு. முதல் நாள் இவரு பண்ணது மன்னிக்க முடியாத காரியம், ரெண்டாவது நாள் பண்ணது அந்த ஊர்ல வேற எந்தத் தலைவருக்கும் வராத துணிச்சல். ரெண்டும் ஒரே ஆளுதான் பண்ணாரு, ஒண்ணு இன்னொண்ணைக் கழிச்சுக் கட்டிடாது. இதைத்தான் எழுதணும்னு நினைச்சேன்.

மின் 1916-ல மீகாங் டெல்டா பகுதில மி தோ ஊர்ல பொறந்தவரு. அப்ப அது பிரெஞ்சுக்காரங்க காலனி. பின்னாடி தெற்கு வியட்நாமோட தலைநகரான சைகோன்ல சாஸ்லூ லோபா பள்ளிக்கூடத்துல படிச்சாரு, கம்போடியா மன்னர் சிஹானூக்கும் அங்க படிச்சவருதான். 1940-ல பிரெஞ்சு ராணுவத்துல சேர்ந்தாரு. அந்தக் காலத்துல வியட்நாம்காரங்களுக்கு ஆபீசர் பதவி கிடைக்கிறது ரொம்ப அபூர்வம், இவருக்குக் கிடைச்சுது. ஆறடி உயரம், கிட்டத்தட்ட 90 கிலோ உடம்பு. அவங்க ஊர்ல அது பெரிய உருவம், அதனாலதான் 'பிக் மின்'னு பேரு வந்துச்சு, மின்னுங்கிற பேர்லயே இன்னொரு ஜெனரல் வேற இருந்ததால அவருக்கு 'சின்ன மின்'னு பேராகி இவருக்கு இது நிரந்தரமாயிடுச்சு.

1945 மார்ச்சுல ஜப்பான்காரங்க பிரெஞ்சு ஆட்சியைக் கவுத்தப்போ இவரும் மாட்டிக்கிட்டாரு. ஜப்பான் ராணுவ போலீஸ் பண்ண சித்திரவதைல பல்லெல்லாம் போயிடுச்சு, முன்னாடி ஒரே ஒரு பல்லு மிச்சம். பின்னாடி ஜெனரல் ஆன பிறகும் அந்த ஒத்தைப் பல்லை மறைக்காம, அது தெரியிற மாதிரியே வாய் திறந்து சிரிப்பாராம். அடுத்து 1954-ல ஹோ சி மின்னோட வியட்மின் படை இவரைப் பிடிச்சு வச்சுது. காவலுக்கு நின்னவனைக் கழுத்தை நெரிச்சுக் கொன்னுட்டு தப்பிச்சு வந்தாரு. அந்த உடம்புக்கு அது முடியக்கூடிய காரியம்தான்.

பிரெஞ்சுக்காரங்க தோத்து நாடு ரெண்டாப் பிரிஞ்சப்போ, வடக்கு கம்யூனிஸ்டுங்க கைக்கும் தெற்கு ங்கோ டின் தியெம் கைக்கும் வந்துச்சு. அப்ப சைகோன் நகரமே பின் சுயென்ங்கிற ரவுடி கும்பல் கைல இருந்துச்சு, அதாவது சூதாட்டம், அபின், கூடவே போலீஸ் துறையும் அவங்க கைல. 1955 ஏப்ரல் மே மாசத்துல அவங்களை நகரத்தை விட்டு அடிச்சு விரட்டுன சண்டைக்குத் தலைமை மின். அடுத்த வருஷம் டெல்டாவுல ஹோவா ஹாவ் மதப்பிரிவோட ஆயுதப் படைகளையும் ஒடுக்குனாரு. பா குட்டுங்கிற அவங்க தளபதி பிடிபட்டு 1956 ஜூலைல கான் தோ ஊர்ல கில்லட்டின்ல தலை போச்சு. தியெம் ஆட்சி நின்னதுக்கு அஸ்திவாரம் போட்டதே மின்னுன்னு சொல்லலாம். ஆனா தியெமுக்கு ஒரு குணம், பேரும் புகழும் இருக்கிற தளபதியை நம்பவே மாட்டாரு. மின்னுக்கு 'ராணுவ ஆலோசகர்'னு ஒரு பட்டத்தைக் கொடுத்து ஒரு சிப்பாய்கூட கைக்குக் கீழ இல்லாம உக்கார வச்சிட்டாரு. மின் ஆர்க்கிட் செடி வளத்துக்கிட்டு டென்னிஸ் ஆடிக்கிட்டு இருந்தாரு. மனசுக்குள்ள கோவம் மட்டும் வளந்துக்கிட்டே இருந்துச்சு.

1963 மே மாசம் கத்தோலிக்கரான தியெமோட ஆட்சி, ஹுவே நகரத்துல புத்தர் பிறந்த நாளுக்கு பௌத்தக் கொடி ஏத்தக் கூடாதுன்னு தடை போட்டு, எதிர்த்து வந்த கூட்டத்துல ஒன்பது பேர் செத்தாங்க. ஜூன் 11-ம் தேதி திக் குவாங் டுக்ங்கிற பிக்கு சைகோன் நடு ரோட்டுல உக்காந்து தீக்குளிச்சாரு, அந்த போட்டோ உலகம் பூரா போச்சு. ஆகஸ்ட்ல தியெமோட தம்பி ஞூ, ஸ்பெஷல் போர்ஸை அனுப்பி பகோடாக்களுக்குள்ள புகுந்து பிக்குகளை அள்ளிட்டுப் போனாரு. மின் பௌத்தர். மத்த ஜெனரல்கள் ட்ரான் வான் டோன், லே வான் கிம், டோன் தாட் டின் எல்லாரும் தியெமைக் கவுக்க இவரோட சேர்ந்தாங்க. அமெரிக்கத் தூதர் ஹென்றி கேபட் லாட்ஜ், உங்க வழில நாங்க குறுக்க வர மாட்டோம்ங்கிற மாதிரி தகவல் கொடுத்துட்டாரு. சிஐஏ ஆளு லூசியன் கோனைன் தளபதிகளோடவே உக்காந்திருந்தாரு, கவிழ்ப்பு நடந்த அன்னைக்கு அவரு கூடவே ஒரு பையில 30 லட்சம் பியாஸ்டர் பணமும் வந்துச்சு. அப்ப கணக்குக்கு 42,000 டாலர்.

நவம்பர் 1 மத்தியானம் கவிழ்ப்பு ஆரம்பிச்சுது. ராணுவத் தலைமையகத்துக்குக் கூட்டம்னு எல்லா பெரிய ஆபீசர்களையும் வரச் சொல்லி, வந்தவங்கள்ல நம்ப முடியாதவங்களைப் பிடிச்சு வச்சாங்க. ஸ்பெஷல் போர்ஸ் தளபதி லே குவாங் துங்கை அன்னைக்கு ராத்திரியே கொன்னாங்க, கொன்னது மின்னோட மெய்க்காப்பாளர் கேப்டன் நுயென் வான் ஞுங். இந்த ஞுங்கை ஞாபகம் வச்சுக்கங்க.

தியெமும் ஞூவும் ராத்திரியோட ராத்திரியா அரண்மனையை விட்டு நழுவி, சைகோனை ஒட்டின சோலோன்ல ஒரு சீன வியாபாரி வீட்டுல தங்கினாங்க. மறுநாள் காலைல மின் முறையா சரணடைதலை வாங்கிக்கலாம்னு அரண்மனைக்குப் போறாரு, போய்ப் பாத்தா ஆளே இல்ல. பிரசிடெண்டை ஊர் பாக்க பதவியை விட்டு இறக்கணும்னு வந்தவருக்கு அது பெரிய அவமானம். இந்த அவமானம்தான் பின்னாடி நடந்ததுக்குக் காரணம்னு சொல்றவங்க இருக்காங்க, ஆனா எனக்கு அது சமாதானமா தெரியல, அவமானப்பட்ட எல்லாருமா ஆள் அனுப்பிக் கொல்றாங்க?

அதுக்குள்ள அண்ணனும் தம்பியும் அந்த வீட்டுலருந்து சோலோன்லயே பிரான்சிஸ் சேவியர் சர்ச்சுக்குப் போயிட்டாங்க. அங்கிருந்தே போன் பண்ணி சரணடையிறோம்னு சொல்லிட்டாங்க. உயிருக்கு ஒண்ணும் ஆகாது, நாட்டை விட்டு அனுப்பிடுவோம்னு தளபதிகள் பக்கத்துல வாக்கும் கொடுத்தாச்சு. ஜெனரல் மாய் ஹூ சுவான் தலைமைல வண்டிகள் கிளம்புச்சு, அதுல ஒரு எம்-113 கவச வண்டி, ஞுங்கும் கூடப் போறாரு. கிளம்பும்போது மின் ஞுங்கைப் பாத்து ரெண்டு விரலைக் காட்டினாருன்னும், அது ரெண்டு பேரையும் முடிச்சிடுன்னு அர்த்தம்னும் அங்க இருந்தவங்க பின்னாடி சொன்னாங்க. சர்ச் வாசல்ல ரெண்டு பேரோட கையையும் பின்னாடி கட்டி அந்த வண்டிக்குள்ள ஏத்தினாங்க. பிரசிடெண்டை ஏன் இதுல ஏத்துறீங்கன்னு கேட்டதுக்கு, பாதுகாப்புக்குன்னு பதில் வந்துச்சு. வழில வச்சே சுட்டாங்க, ஞூவைக் கத்தியால பலமுறை குத்தவும் செஞ்சாங்க. வண்டி தலைமையகத்துக்கு வந்து கதவைத் திறந்தா ரெண்டு பிணம். டோன் அதிர்ச்சில ஏன் செத்தாங்கன்னு கேக்க, செத்தா என்ன இப்போங்கிற மாதிரி மின் பதில் சொன்னாருன்னு பதிவாகியிருக்கு.

வெளிய என்ன சொன்னாங்க தெரியுமா, தற்கொலை. சர்ச்சுக்குள்ள ரெண்டு பேரும் தற்கொலை பண்ணிக்கிட்டாங்கன்னு மின் கோனைன்கிட்ட சொல்றாரு. கோனைன் கத்தோலிக்கர், தியெமும் தீவிர கத்தோலிக்கர், அவங்க மதத்துல தற்கொலை பெரிய பாவம், இதை யாரு நம்புவாங்க? உடலைப் பாக்குறீங்களான்னு கேட்டப்போ கோனைன் வேணாம்னுட்டாரு, பாத்துட்டா உண்மையை மறைக்க முடியாதே. கொஞ்ச நாள்லயே கை கட்டின நிலைமைல ரத்தத்தோட கிடந்த போட்டோக்கள் வெளிய வந்துச்சு, தற்கொலைக் கதை அதோட போச்சு. சேதி கேட்டு கென்னடி பேச்சு வராம ரூமை விட்டு எழுந்து போயிட்டாருன்னு கூட இருந்தவங்க எழுதியிருக்காங்க. 20 நாள்ல கென்னடியும் சுடப்பட்டாரு.

தியெம் ஆட்சி கொடுமையான ஆட்சிதான், அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. அதைக் கவுத்தது வேற விஷயம். கையக் கட்டி, வாக்கும் கொடுத்து, வண்டிக்குள்ள வச்சுக் கொன்னதுக்கு எந்த நியாயமும் கிடையாது. பெரிய பெரிய சண்டைல பேர் வாங்கின ஒரு தளபதி இதைச் செஞ்சதை என்னால தாண்டிப் போக முடியல. இன்னொண்ணு, அந்தக் கொலைக்கு அப்புறம் தெற்கு வியட்நாம்ல எந்தக் கவிழ்ப்பும் 'கடைசிக் கவிழ்ப்பு' இல்லன்னு ஆயிடுச்சு. ஒரு தடவை நடந்துட்டா அடுத்தவனுக்கும் வழி தெரிஞ்சிடுது இல்ல.

மின் மூணே மாசம்தான் ஆண்டாரு. புரட்சி ராணுவக் குழுன்னு 12 ஜெனரல்கள், பிரதமரா நுயென் ங்கோக் தோ. மின்னுக்கு நிர்வாகம் வரல. ஆர்க்கிட்டும் டென்னிஸும்தான் பாக்குறாருன்னு அமெரிக்கக்காரங்க புலம்பினாங்க. ஆனா ஒரு விஷயத்தை இங்க சொல்லியே ஆகணும், வடக்கு மேல குண்டு போடுறதையும், அமெரிக்க ஆலோசகர்களைக் கிராமம் கிராமமா இறக்குறதையும் இவரோட குழு விரும்பல. கிராமத்துல வெள்ளைக்காரங்க நின்னா மறுபடியும் பிரெஞ்சு ஆட்சி வந்துடுச்சுன்னுதான் மக்கள் நினைப்பாங்கன்னு அவங்க பயந்தாங்க. பயந்த மாதிரியேதான் நடந்துச்சு.

1964 ஜனவரி 30 விடியக்காலைல ஜெனரல் நுயென் கான் ஒரு குண்டுகூட வெடிக்காம ஆட்சியைப் பிடிச்சாரு. மின்னோட சகாக்கள் பிரான்சோட சேர்ந்து நாட்டை நடுநிலை ஆக்கப் பாத்தாங்கன்னு குற்றச்சாட்டு வச்சாரு, நிரூபிக்கல. அந்தக் கவிழ்ப்புல செத்தது ஒரே ஆளு, அந்த ஞுங். தூக்கு மாட்டிக்கிட்டாருன்னு ஒரு கதை விட்டாங்க, தோட்டத்துல மண்டி போட வச்சு சுட்டாங்கங்கிறதுதான் பெரும்பாலானவங்க சொல்றது. தியெம் சாவுக்கு முதல் சாட்சி, ஆர்டர் யாரு போட்டதுன்னு சொல்லியிருக்கக்கூடிய முக்கியமான வாய், அதோட மூடிடுச்சு.

அடுத்து வந்த வருஷங்களை வேகமா சொல்லிடறேன். மின்னுக்கு மக்கள்கிட்ட பேரு இருந்ததால கான் அவரைப் பேருக்கு நாட்டுத் தலைவரா வச்சிருந்தாரு, 1964 கடைசில பாங்காக்குக்கு அனுப்பிட்டாங்க. 1965-ல திரும்பி வர விமானம் ஏறினப்போ தரையிறங்க விடல. 1967 தேர்தல்ல நிக்கவும் விடல. 1968-ல நுயென் வான் தியூங்கிற ஜெனரல் ஜனாதிபதியா இருந்தப்போதான் ஊர் திரும்ப முடிஞ்சுது. 1971 தேர்தல்ல தியூவை எதிர்த்து நிக்கிறேன்னாரு, எல்லாமே முன்னாடியே முடிவு பண்ண தேர்தல்னு தெரிஞ்சதும் விலகிட்டாரு, அமெரிக்கத் தூதர் எவ்வளவோ சொல்லியும் கேக்கல. துணை ஜனாதிபதியா இருந்த நுயென் காவ் கியும் ஒதுங்கிட்டாரு. தியூ தனியா நின்னு 94 சதவீதம் வாங்கினாரு. அதுக்கப்புறம் மின் வீட்டுல பௌத்தப் பிக்குகள், வக்கீல்கள், எம்பிக்கள்னு ஒரு கூட்டம் வந்து போச்சு. கம்யூனிஸ்டும் வேணாம், தியூவும் வேணாம், பேசித் தீத்துக்கலாம்னு சொன்ன அவங்களை மூணாவது சக்தின்னு சொல்லுவாங்க. மின்னோட கூடப்பிறந்த தம்பியே எதிர்ப்பக்க ராணுவத்துல ஆபீசர். நிறைய வியட்நாம் குடும்பங்கள்ல அதுதான் நிலைமை.

1975 வசந்த காலத்துல எல்லாம் சீட்டுக்கட்டு மாதிரி சரிஞ்சுது. மார்ச்சுல பான் மே துவோட், ஹுவே, டா நாங்னு நகரங்கள் வரிசையா வடக்கு ராணுவத்துக்கிட்ட விழுந்துச்சு. ஏப்ரல் 21 சைகோனுக்குக் கிழக்கே சுவான் லோக் போனதும் தியூ டிவில வந்து அமெரிக்காவைத் திட்டி அழுதுட்டு ராஜினாமா பண்ணாரு, நாலு நாள்ல தைவானுக்கு விமானம் ஏறிட்டாரு. துணை ஜனாதிபதியா இருந்த வயசான ட்ரான் வான் ஹுவோங் ஒரு வாரம் நாற்காலில இருந்தாரு. கம்யூனிஸ்டுங்க யாரோடயாவது பேசுவாங்கன்னா அது பிக் மின்னோடதான்னு ஒரு நம்பிக்கை, அதனால பார்லிமெண்ட் ஓட்டுப் போட்டு இவர்கிட்ட கொடுத்துச்சு. 28-ம் தேதி சாயங்காலம் பதவியேற்பு. வெளிய இடியும் மழையும். சடங்கு முடிஞ்ச கொஞ்ச நேரத்துல, வடக்குப் பக்கம் பிடிச்சு வச்சிருந்த ஏ-37 போர் விமானங்கள்ல வந்து டான் சோன் ஞுட் விமான நிலையத்துல குண்டு போட்டாங்க. பேச்சுவார்த்தைங்கிற ஆசை அங்கயே முடிஞ்சுது.

29-ம் தேதி மின் அமெரிக்கத் தூதருக்குக் கடிதம் எழுதினாரு, உங்க ராணுவ அலுவலக ஆளுங்க 24 மணி நேரத்துல கிளம்பணும்னு. அன்னைக்குப் பூரா ஹெலிகாப்டர்கள் ஆளுங்களைத் தூக்கிட்டுப் போச்சு, ஏழாயிரம் பேர் கிட்ட. காலம் பூரா கடைசிவரை போராடுவோம்னு முழங்கின நுயென் காவ் கியும் அன்னைக்கு ஹெலிகாப்டர் ஏறினவருதான். மின் ஏறல. இது ரொம்ப முக்கியம்னு நினைக்கிறேன். அவருக்கு இடம் கிடைச்சிருக்கும், வயசு 59, அந்த ரெண்டு நாள் ஜனாதிபதி பதவில அவருக்கு லாபம்னு ஒரு துளி கூட இல்ல, பழிதான் மிச்சம்னு தெரிஞ்சும் இருந்தாரு.

30-ம் தேதி காலைல நகரத்தைச் சுத்தி அஞ்சு திசைலயும் வடக்கு ராணுவம். உள்ள முப்பது லட்சத்துக்கு மேல ஜனம், அதுல நிறைய பேர் அகதிங்க. பிரதமர் வு வான் மாவோடயும் மத்தவங்களோடயும் பேசிட்டு, 10 மணி 24 நிமிஷத்துக்கு ரேடியோல இவரோட அறிவிப்பு வந்துச்சு. நம்ம வீரர்கள் சண்டையை நிறுத்திட்டு இருக்கிற இடத்துலயே இருங்க, எதிர்ப்பக்க வீரர்களும் சுடாம இருங்க, அதிகாரத்தை ஒப்படைக்க நாங்க இங்க காத்திருக்கோம், தேவையில்லாம ரத்தம் சிந்த வேணாம்ங்கிறதுதான் சாராம்சம். ஒரு மணி நேரத்துக்கு அப்புறம் டேங்குகள் அரண்மனை கேட்டை இடிச்சிட்டு உள்ள வந்துச்சு. அந்த நேரத்துல மின்னும் மந்திரிகளும் உள்ள ஹால்ல உக்காந்திருந்தாங்க. அதிகாரத்தை ஒப்படைக்கக் காத்திருக்கோம்னு சொன்னதுக்கு, உங்ககிட்ட இல்லாததை எப்படி ஒப்படைப்பீங்கன்னு பதில் வந்துச்சாம், அதைச் சொன்னது யாருங்கிறதுல ரெண்டு மூணு பேரு உரிமை கொண்டாடுறாங்க.

அப்புறம் ஜீப்ல ரேடியோ ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்க நடந்ததைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். டேங்க் படைப்பிரிவோட அரசியல் அதிகாரி புய் வான் துங் சரணடைதல் அறிக்கையைக் கையால எழுதுறாரு, இதை யாரு எழுதினதுங்கிறதுலயும் வருஷக்கணக்கா சர்ச்சை ஓடுச்சு. ரெக்கார்ட் பண்றதுக்கு, கூட வந்திருந்த போரிஸ் கலாஷ்ங்கிற ஜெர்மன் பத்திரிகைக்காரர் தன்னோட கேசட் ரெக்கார்டரைக் கொடுக்கிறாரு. 'ஜனாதிபதி'ன்னு எழுதினதைப் பாத்து மின் தயங்கி, ஜெனரல்னு போட்டுக்கலாமேன்னு கேட்டாராம். ரெண்டு நாள் ஆனாலும் நீங்க ஜனாதிபதிதான்னு சொல்லிட்டாங்க. நிபந்தனை இல்லாம சரணடையறோம்னு வாசிச்சாரு. அன்னைக்கு எடுத்த போட்டோல அரைக்கை சட்டை, கண்ணாடி, சுத்தி துப்பாக்கி வச்ச இளவட்டப் பசங்க, நடுவுல தலைக்கு மேல உயரமா இவரு.

இவரைத் துரோகின்னு சொல்றவங்க கோவத்தை நான் லேசா எடுத்துக்கல. டெல்டாவுல நாலாவது படைப்பிரிவு அப்ப முழுசா நின்னுக்கிட்டிருந்துச்சு. அதோட தளபதி நுயென் கோவா நாமும் துணைத் தளபதி லே வான் ஹுங்கும் இந்த உத்தரவுக்கு அப்புறம் உயிரை மாய்ச்சுக்கிட்டாங்க. லட்சக்கணக்கான வீரர்களும் ஆபீசர்களும் 'மறுகல்வி' முகாம்னு போய், சிலர் பத்து வருஷத்துக்கு மேல உள்ள கிடந்தாங்க. மின்னை மூணு நாள்ல, ஜெயிச்ச பக்கத்து ஜெனரல் ட்ரான் வான் ட்ரா, அவரோட சொந்த வீட்டுக்கே அனுப்பிட்டாரு, முகாமுக்கும் போகல, வீட்டுல ஆர்க்கிட்டோட இருந்தாரு. அவரு பேச்சைக் கேட்டு துப்பாக்கியைக் கீழ வச்சவனுக்கு முகாம், இவருக்கு வீடு. அந்த வீரனோட குடும்பத்துக்கு இது எப்படி இருக்கும்? அவங்க கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல.

ஆனாலும் என் முடிவு மாறல. டெல்டாவுல சண்டை நீடிச்சிருந்தா ஆகாயத்துலருந்து உதவி கிடையாது, குண்டு கிடையாது, அமெரிக்கா வரப்போறதில்ல. சைகோன் தெருத்தெருவா சண்டை நடக்கிற நகரமா ஆகியிருந்தா என்ன ஆகும்ங்கிறதுக்கு 1968-ல ஹுவே நகரம் உதாரணம், 26 நாள் சண்டைல ஆயிரக்கணக்கான ஜனங்க செத்தாங்க, ஊர்ல பெரும்பகுதி தரைமட்டம். ஹுவேல இருந்தது ஒன்றரை லட்சம் பேரு. சைகோன்ல அதைப் போல இருபது மடங்கு. அந்தக் கணக்கைப் போட்டுப் பாத்து, தன் பேரு கெட்டாலும் பரவாயில்லன்னு மைக் முன்னாடி உக்காந்த ஆளைக் கோழைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. முகாமுக்கு அனுப்பினது ஜெயிச்சவங்க பண்ண அநியாயம், அந்தப் பாவத்தைத் தோத்தவன் தலைல கட்டக் கூடாது.

1983-ல மின் பிரான்ஸ் போனாரு. அப்புறம் கலிபோர்னியால பசடேனாவுல மகளோட வீடு. வெளிய பேசல, நினைவுக் குறிப்புன்னு எதுவும் வெளியிடல, நவம்பர் 2 காலைல ஞுங்குக்கு என்ன சொன்னாருங்கிறதைப் பொதுவுல கடைசிவரை சொல்லவே இல்ல. 2001 ஆகஸ்ட்ல வீல்சேர்ல இருந்து விழுந்து ஆஸ்பத்திரில 85 வயசுல இறந்தாரு. அடுத்த மாசக் கடைசில தியூ பாஸ்டன்ல இறந்தாரு. நுயென் கான் கலிபோர்னியாலேயே 2013 வரை இருந்தாரு. சைகோன்ல ஒருத்தரை ஒருத்தர் கவுத்த மூணு பேரும் கடைசில ஒரே நாட்டுல போய் வயசானாங்க. ஏப்ரல் 30 காலைல சைகோன்ல இருந்தது அதுல மின் மட்டும்தான்.